எந்த இடது?

என் அக்காவின் வீட்டுக்காரரை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘படுத்த மெக்கானிக்’ என்றால்தான் வழி காட்டுவார்கள். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டதும் கொஞ்சம் தயங்குவார்கள். தொழில் படுத்துப்போன ஆளிடம் வண்டியைக் கொடுக்கலாமா என்ற யோசனைதான். மாமாவே சிரித்துக்கொண்டு விளக்கம் சொல்லிவிடுவார்.

“மத்தவங்களுக்குப் படுத்தா தொழில் போச்சு. எனக்குப் படுத்தாத்தான் தொழில்.”

அவருக்கென்று கடை கிடையாது. வீட்டு முன்பக்கம் ஒரு கார் நின்றால் இரு பக்கமும் ஆள் நடக்கிற அகலத்தில், உயரமாகத் தகரக்கூரை போட்ட ஷெட், அதுதான் பட்டறை. அதற்கு வெளியே கேட் வரைக்கும் இன்னொரு கார் நிற்கிற அளவுக்குச் சிமெண்டுத் தரை. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையைத் தரையில் விரித்து, அதில் மல்லாந்து படுத்து உள்ளே சறுக்கிப் போவார். கழற்றிய போல்ட்டுகளை ஒரு பெயின்ட் டப்பா மூடியில் போட்டு நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வார். இருமல் வந்தால்கூட மூடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் இருமுவார். முப்பது வருடமாக இப்படித்தான்.

முப்பது வருடம் உலகத்தைத் தரையிலிருந்து பார்த்தவருக்கு முகம் ஞாபகம் இருக்காது, செருப்பு ஞாபகம் இருக்கும். கடைத்தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் முழிப்பார். அப்புறம் மெல்லக் கண்ணைத் தாழ்த்தி அவர் காலைப் பார்த்துவிட்டு, “அட, கிளட்ச் சாரா! சொல்லுங்க சார்” என்பார். அக்காவுக்கு மானம் போகும். எனக்குச் சிரிப்பு தாங்காது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது நடக்கும்போது முதுகு பேச ஆரம்பித்தது. வண்டிக்கடியிலிருந்து வெளியே வருவதற்கு ஐந்து நிமிடம், எழுந்து நிற்பதற்கு இன்னொரு ஐந்து நிமிடம் என்றானது. அக்கா அடம்பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்து, இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று காட்டினார்.

“இன்னும் ஒரு வருஷம் இப்படியே தரையில படுத்து எழுந்திரிச்சீங்கன்னா, அப்புறம் நிக்கிறதே கஷ்டமாயிடும். நின்னுக்கிட்டு செய்ற வேலையா இருந்தா பரவாயில்ல.”

மாமா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். சட்டையை மாற்றினார். அட்டையை விரித்துப் படுத்து உள்ளே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

“ஊர் ஊராப் போய் என்னென்னத்தையோ கழட்டுறியே. உங்க மாமாவுக்கு வண்டி தூக்குற லிஃப்ட் ஒண்ணு கழட்டிட்டு வரக் கூடாதா?”

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். மூடிய தொழிற்சாலை, மூடிய அச்சகம், மூடிய கடை என்று மூடுவிழா நடக்கிற இடத்துக்கெல்லாம் போய் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு வந்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பவன் நான். என்னைப் பழைய இரும்புக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரும்புக்காரன் உடைத்து எடுப்பான். நான் கழற்றி எடுப்பேன். ஒவ்வொரு துண்டின் மேலும் மஞ்சள் பெயின்ட்டில், எது எங்கே இருந்தது, எதோடு சேர்ந்தது என்று எழுதிவிடுவேன். என் எழுத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம் என்று பத்துப் பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். அந்தப் பெருமைதான் இந்தக் கதையில் வில்லன்.

கார் சர்வீஸ் சென்டர் ஒன்று மூடப்போவதாகத் தகவல் வந்தது. மூன்று லிஃப்ட் இருந்தன. எல்லாம் இரண்டு தூண் வகை: இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் ஒரு தூண், ஒவ்வொரு தூணிலும் மடக்கி நீட்டுகிற இரண்டு கைகள், அந்த நான்கு கைகளில்தான் வண்டி உட்காரும். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடித் தடுப்பு போட்ட அலுவலக அறையில் ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. சுவரில் சாவிகள் மாட்டும் ஆணிகள் மட்டும் வரிசையாக இருந்தன. உள்கூடத்தில், நடு லிஃப்டின் மேல், எஞ்சினும் சக்கரமும் இல்லாத ஒரு காரின் கூடு அப்படியே தூக்கியபடி நின்றது. யாருடையதோ, யாரும் வந்து கேட்கவில்லையாம்.

மாமா நேராக அதன் கீழே போனார். போகும்போதே பழக்கத்தில் முதுகை வளைத்துக்கொண்டார்.

“மாமா, நிமிருங்க. இடிக்காது.”

அவர் ஒரு கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, பாதி நம்பியும் பாதி நம்பாமலும் மெல்ல நிமிர்ந்தார். உச்சந்தலைக்கும் வண்டிக்கும் நடுவில் இன்னும் ஒரு முழம் இருந்தது. கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். முன்னும் பின்னும் நடந்தார். அந்தத் துருப்பிடித்த கூட்டைக் கோயில் கோபுரம் பார்க்கிற மாதிரி சுற்றிவந்தார்.

“முழு வண்டியும் ஒரே பார்வையில தெரியுது மச்சான்! இத்தனை வருஷமா நான் துண்டு துண்டாத்தான் பார்த்திருக்கேன்.”

“அதான் கொண்டுபோகப் போறோமே, வாங்க.”

“இரு. இன்னும் அஞ்சு நிமிஷம்.”

அஞ்சு நிமிடம் அரைமணி ஆனது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய கல்யாணத்திலும் பார்த்ததில்லை; என் அக்கா இதைப் படித்தால் கோபித்துக்கொள்வாள், ஆனால் உண்மை அதுதான்.

மறுநாளிலிருந்து நான் தனியாகக் கழற்றினேன். மாமாவுக்கு வீட்டில் வண்டி காத்திருந்தது. மூன்று லிஃப்டிலிருந்து ஒரு நல்ல லிஃப்ட் தேற்றுவது என் திட்டம். ஓரத்தில் இருந்ததன் தூண்கள் நேராக இருந்தன, இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல ஏறவைக்கிற கேபிள் சரியில்லை. கேபிளைச் சோதிக்க ஒரு பழைய பனியனை அதன் மேல் வைத்து முழு நீளத்துக்கும் உருவுவேன். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். முதல் லிஃப்டில் ஏழு இடத்தில் மாட்டியது. நடு லிஃப்டின் கேபிளில் ஓர் இடத்தில்கூட மாட்டவில்லை. மூன்றாவதில் எண்ணெய்ப் பம்ப்பும் மோட்டாரும் புதிதாக மாற்றியிருந்தார்கள். வண்டியை ஏற்றும்போது தூணுக்குள் ‘டக் டக்’ என்று விழுந்து தாங்கிக்கொள்கிற பூட்டுகளை எல்லாவற்றிலும் கழற்றி, பல் தேயாத இரண்டைப் பொறுக்கினேன். கை நுனியில் இருக்கும் ரப்பர்கள்தான் மூன்றிலும் கல்லாகிப் போயிருந்தன. அதைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாகத் தூண்களைச் சாய்ப்பதற்கு முன்னால், மஞ்சள் பெயின்ட் டப்பாவைத் திறந்து, ஒரு தூணில் ‘இடது’ என்றும் இன்னொன்றில் ‘வலது’ என்றும் எழுதினேன். இந்த வகை லிஃப்டில் இரண்டு தூணும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டும் நேருக்கு நேர் பார்க்காமல் ஒரு பக்கமாகச் சற்றுத் திரும்பி நிற்கும். முன்பக்கக் கை குட்டை, பின்பக்கக் கை நீளம். அப்படி இருந்தால்தான் வண்டியின் கதவு தூணில் இடிக்காமல் திறக்கும். அதனால் எது எந்தப் பக்கம் என்பது முக்கியம். முக்கியம் என்று தெரிந்துதான் பெரிய எழுத்தில் எழுதினேன்.

அப்போது நான் எங்கே நின்றேன் என்பதுதான் விஷயம். மின்சாரப் பெட்டி பின்சுவரில் இருந்ததால், என் சாமான்களையும் அங்கேயே வைத்திருந்தேன். வாசலைப் பார்த்தபடி, அதாவது உள்ளே வருகிற வண்டியின் மூக்கைப் பார்த்தபடி நின்று எழுதினேன். என் இடது கைப் பக்கம் இருந்தது ‘இடது’. கழற்றுகிறவனுக்கு வேறு என்ன இடது இருக்கிறது?

மெக்கானிக்குகளுக்கு இருக்கிறது. அவர்கள் எங்கே நின்றாலும், எப்படிப் படுத்தாலும், இடது என்றால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிறவனுடைய இடதுதான். தலைகீழாகக் கிடந்தாலும் அவர்களுக்கு அது மாறாது. மாமா ஆயிரம் தடவை என் காதுபட “இடது பக்கச் சக்கரம்” என்று சொல்லியிருப்பார். ஒரு தடவைகூட நான் யோசித்துப் பார்த்ததில்லை.

இதற்குள் மாமா ஷெட் தரையை உடைத்து ஓரடி ஆழத்துக்குக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டிருந்தார். இருபத்தெட்டு நாள் ஊறினால்தான் தூணைத் தாங்கும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, காலையும் மாலையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அதற்குத் தண்ணீர் ஊற்றினார். லிஃப்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு நான் வேறொரு ஆலையைக் கழற்றக் கிளம்பினேன்.

“பத்து நாள்ல வந்துடுவேன். அதுவரைக்கும் தொடாதீங்க. நான் கூட இருந்து நிறுத்திக் குடுக்குறேன்.”

பத்து நாள் முடிந்தது. போன இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு வேலை வந்தது, அதையும் ஒப்புக்கொண்டேன். இருபது நாள் ஆனது. கான்கிரீட் ஊறி முடிந்துவிட்டது, மாமாவுக்குப் பொறுமை முடிந்துவிட்டது. அடுத்த தெரு வெல்டரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார். நான் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன்.

“மச்சான், தூணை நிறுத்தப்போறோம். இடது, வலதுன்னு எழுதியிருக்கியே, அது சரிதானே?”

“நான் எழுதினது என்னிக்கு மாமா தப்பாயிருக்கு?”

“இல்ல, இடதுன்னா இடதுதானே?”

“இடதுன்னா இடதுதான் மாமா! இதுல என்ன சந்தேகம்?”

போனை வைத்துவிட்டேன். அவர் கேட்டதும் சரியான கேள்விதான், நான் சொன்னதும் பொய்யில்லை. அந்த ஒரு நிமிடத்தை மட்டும் யாராவது திருப்பிக் கொடுத்தால் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்து நிதானமாகப் பேசுவேன்.

நான் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் முதல் வண்டியை ஏற்றினோம். தூண்களின் போல்ட்டுகளைக் கான்கிரீட்டில் அடித்து, பசை ஊற்றி இறுக்கி முடித்திருந்தார்கள். மாமா சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டிருந்தார். காரை அவரே உள்ளே ஓட்டிவந்தார். நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். திறந்த கதவு ஒரு சாண் தூரத்தில் தூணில் போய் இடித்தது.

அந்த இடுக்கு வழியாக உடம்பை ஒருக்களித்து எப்படியோ இறங்கி வந்தார். கைகளை வண்டிக்கு அடியில் நீட்டிப் பார்த்தோம். முன்பக்கம் நீளக் கை வந்து நின்றது, பின்பக்கம் குட்டைக் கை எட்டவில்லை. வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தி எப்படியோ எட்டவைத்து ஒரு சாண் உயரம் தூக்கியதும், எஞ்சின் கனத்தில் மூக்கு கீழே தணிந்தது. சட்டென்று இறக்கிவிட்டேன்.

“தூணை மாத்தி நிறுத்தியிருக்கீங்க மாமா.”

“நீ எழுதினபடிதானே நிறுத்தினேன்? இது வண்டியோட இடது. நீ இடதுன்னு எழுதின தூண் இதோ நிக்குது.”

“வண்டியோட இடதா? யாரு சொன்னா? நான் நின்ன பக்கத்துலேருந்து இடது!”

“நீ நின்ன பக்கம் எனக்கு எப்படிடா தெரியும்?”

தூணைக் கழற்றி மாற்றவும் வழியில்லை. பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை போட்டால் கான்கிரீட் பிளந்துவிடும். மறுபடி தரையை உடைத்து, மறுபடி ஊற்றி, மறுபடி இருபத்தெட்டு நாள். மாமாவின் முகம் சிவந்துபோனது. அப்போதுதான் அக்கா டீ கொண்டுவந்தாள். தட்டைக் கையில் பிடித்தபடி தூணையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்போ வண்டியைத் திருப்பி நிறுத்தினா ஆகாதா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போ” என்று மாமாவும் நானும் ஒரே குரலில் சொன்னோம். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அவள் டீயை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சண்டை வளர்ந்தது. யார் சரி என்பதில் எங்களுக்கு இருந்த அக்கறையில் கால்வாசி அந்த வண்டியின் மேல் இருந்திருக்கலாம்.

“இடது வலது தெரியாதவன்கிட்ட தூணைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

அதற்கு நான் சொன்ன பதிலை இத்தனை நாள் கழித்து எழுதவும் கை கூசுகிறது.

“படுத்தே கிடக்கிறவருக்கு எது இடது, எது வலதுன்னு எங்க தெரியப்போகுது?”

சவரம் செய்த அந்த முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் ‘சும்மா சொன்னேன் மாமா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். டீ அப்படியே இருந்தது.

பதினொரு மாதம் பேசவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு. அவர் ஷெட்டைத் தொடாமல் வெளியே சிமெண்டுத் தரையில் அட்டையை விரித்துப் பழையபடி படுத்துவிட்டார். தரையை இன்னொரு தடவை உடைக்க அவருக்கு மனசு வரவில்லை என்று அக்கா போனில் சொல்வாள். ஷெட்டுக்குள் அவள் இரண்டு தூணுக்கும் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

“மழைக்கு நல்லா உதவுது. உங்க லிஃப்டால எனக்காவது பிரயோஜனம் வந்துச்சே” என்பாள். நான் சிரிக்க மாட்டேன்.

நடுவில் ஒரு நாள் மனசு கேட்காமல் போனேன். ஐந்தாவது மாதம் இருக்கும். மாமா ஒரு காருக்கு அடியில் கிடந்தார், பாதம் இரண்டும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் போய் நின்றேன். முன்பக்கக் கதவுக்கு நேரே, என் கால் அவர் கண்ணில் படுகிற இடத்தில்தான் நின்றேன். உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றது. அவர் கூப்பிடுவார் என்று நான் நின்றேன். நான் கூப்பிடுவேன் என்று அவர் படுத்திருந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். அப்புறம் ஸ்பேனர் மறுபடி திருக ஆரம்பித்தது, நான் திரும்பி நடந்தேன். பார்க்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செருப்பைப் பார்த்து ஆளைச் சொல்கிற மனிதர் பார்க்கவில்லையாம்!

பதினோராவது மாதம் ஒரு காலையில் அக்கா போன் செய்தாள். அவள் குரலில் கேலி இல்லை.

“உங்க மாமாவால எழுந்திரிக்க முடியல. வண்டிக்கு அடியிலயே கிடந்தாரு. கூப்பிட்டுப் பார்த்தேன், கால் அசையலங்குறாரு. அட்டையோட பிடிச்சு இழுத்து வெளியே கொண்டுவந்தேன். சீக்கிரம் வா.”

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அதே அட்டையில் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். நெஞ்சின் மேல் அந்த மூடி. ஒரு போல்ட்கூடச் சிந்தவில்லை. அதைக் கவனமாக எடுத்து ஓரமாக வைத்தேன். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அறுவை சிகிச்சை செய்தார்கள். காலுக்கு உயிர் வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறை வரை போகலாம். நின்று வேலை பார்க்க முடியாது, தரையில் படுத்து எழுந்திருப்பதை மறந்துவிட வேண்டும் என்று அதே டாக்டர் சொன்னார். “நான் அப்பவே சொன்னேனே” என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் அக்கா மருந்து வாங்கப் போயிருந்தபோது நானும் அவரும் மட்டும் இருந்தோம். நான் போர்வை நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

“அன்னிக்கு வந்து நின்னியே. பழுப்புச் செருப்பு. இடது கால்ல வார் பிஞ்சு நூல் போட்டுத் தைச்சிருந்துச்சு.”

“பார்த்தீங்களா மாமா?”

“பார்க்காம என்ன? நீ ஏதாவது சொல்லுவேன்னு பார்த்தேன்.”

“நீங்க கூப்பிடுவீங்கன்னு நின்னேன்.”

“ம்” என்றார். போர்வையைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டு, “அந்த லிஃப்டைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடு. யாருக்காவது உதவும்” என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. அக்கா மருந்தோடு உள்ளே வந்துவிட்டாள். இல்லை, அது சாக்கு. அவள் வருவதற்கு முன்னால் நிறைய நேரம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து லிஃப்டைக் கழற்ற என் சின்ன வேனை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் மாற்றுத்துணி எடுக்க அக்காவும் வந்திருந்தாள். கொடியில் கிடந்த துணியை அவள் எடுத்தாள், நான் கொடியை அவிழ்த்தேன். தூண் கனமானது, வேனின் பின்கதவுக்குப் பக்கத்திலேயே சாய்த்தால்தான் தூக்கிப் போட வசதி. அதனால் வேனை ரிவர்ஸில் ஷெட்டுக்குள் விட்டேன். நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கினேன். பின்பக்கம் போய் ஸ்பேனர் பெட்டியை எடுத்தேன்.

“கதவு இடிக்கலையே” என்றாள் அக்கா.

நான் திரும்பிப் பார்த்தேன். வேனின் கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. தூணுக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடம் இருந்தது. ஸ்பேனர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து கைகளை ஒவ்வொன்றாக வண்டிக்கு அடியில் திருப்பினேன். குட்டைக் கை முன்பக்கம், நீளக் கை பின்பக்கம், எங்கெங்கே உட்கார வேண்டுமோ அங்கங்கே சொல்லிவைத்த மாதிரி போய் உட்கார்ந்தன. இரண்டு தூணையும் இடம் மாற்றி நிறுத்தினால் முழு லிஃப்டும் அப்படியே திரும்பி நிற்கிறது என்றுதான் அர்த்தம். வண்டியையும் திருப்பிவிட்டால் தீர்ந்தது. இடிக்க வேண்டிய கான்கிரீட்டும் இல்லை, மாற்ற வேண்டிய தூணும் இல்லை. பதினொரு மாதமாக அது சரியாகத்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா நின்றாள்.

“நான் அன்னிக்கே கேட்டேன்ல?”

“கேட்டக்கா.”

அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உள்ளே போய் மாமாவின் சட்டைகளை அடுக்கினாள். நான் அந்த ஓரடிக் கான்கிரீட்டின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் நின்று வேலை பார்த்திருக்க வேண்டிய பதினொரு மாதம். டாக்டர் கொடுத்த கெடுவில் முக்கால்வாசிக்கு மேல். அத்தனை நாளும் அவரைத் தரையில் கிடத்தியது லிஃப்ட் இல்லை, என் வாய்.

அக்காவோடு மருத்துவமனைக்குப் போய் அவரிடம் சொன்னேன். மறைக்கலாமா என்றுகூட யோசித்தேன், அக்கா முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

“வண்டியை ரிவர்ஸ்ல விட்டிருந்தாப் போதும் மாமா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் வண்டியைத் திருப்பி, தூணுக்கு நடுவில் நிறுத்தி, கைகளை நீட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது அக்காவைத்தான் பார்த்தார்.

“உங்க அக்கா அன்னிக்கே கேட்டாளே.”

“ஆமா மாமா.”

“நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவளை உள்ள போகச் சொன்னோம்.”

“ஆமா.”

“சேர்ந்து சொன்னோம் பாரு” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முதுகுத் தையல் இழுத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, லிஃப்டை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றார். கிளட்ச் சாரின் வண்டி வந்திருந்தது. நான் அதை ரிவர்ஸில் ஏற்றி, கைகளை வைத்து, பொத்தானை அழுத்தினேன். இரண்டு தூணிலும் பூட்டுகள் ஒன்றுபோல ‘டக் டக்’ என்று விழ, வண்டி அசையாமல் மேலே போனது. அக்கா அவரைச் சக்கரம் வைத்த நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து நேர் கீழே நிறுத்தினாள். அவர் அண்ணாந்து பார்த்தார். கையை உயர்த்தினார். விரல் நுனிக்கும் வண்டிக்கும் நடுவில் இன்னும் ஒரு கை நீளம் இருந்தது.

“கொஞ்சம் நிக்கட்டுமா?”

அக்கா அவர் தோளில் கை வைத்தாள். அவ்வளவுதான். அவர் நிற்கவில்லை.

“இறக்கு மச்சான்.”

பூட்டை விடுவிக்க முதலில் சற்று ஏற்றினேன். அப்புறம் ஒவ்வொரு பல்லாக இறக்கினேன். “இன்னும்” என்றார். இறக்கினேன். “இன்னும் கொஞ்சம்.” கடைசியில் அவர் விரல் ஒரு போல்ட்டைத் தொட்டது. “போதும்” என்றார். பூட்டில் உட்காரவைத்துவிட்டு அவர் பக்கத்தில் போனேன். அந்த உயரத்துக்கு என்னால் நிமிர முடியவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரு கையால் போல்ட்டைப் பிடித்தபடி, மறு கையைப் பின்னால் நீட்டினார்.

“பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் எடு. இடது பக்கம் கிடக்கு.”

நகரப் போனவன் நின்றேன்.

“எந்த இடது மாமா? உங்க இடதா, வண்டியோட இடதா?”

அவர் போல்ட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“இதை அன்னிக்கே போன்ல கேட்டிருக்கலாம், மச்சான்” என்றார்.